வீட்டு வேலைக்கு வருபவரிடம் எதை, எப்போது, எப்படிப் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை சரவணம்பட்டிப் பக்கத்தில் உள்ள எங்கள் குடியிருப்பில், வேலைக்கு ஆள் தேடும் குடும்பங்களையும் வேலை தேடி வரும் பெண்களையும் பேசிச் சேர்த்துவைக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. சேர்த்துவைத்த பிறகு வரும் பஞ்சாயத்துகளும் என்னிடமே வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை அழுக்கைப் பற்றியவை அல்ல. பேசாமல் விட்ட நேரத்தையும், பேசாமல் கூடிப்போன வேலையையும் பற்றியவை. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

நாளைக்கு ஒரு அக்கா வேலைக்கு வர்றாங்க. மொதல் நாள் என்னென்ன பேசிக்கோணுமுங்க?

என்னென்ன வேலை, ஒவ்வொன்றும் எத்தனை நாளுக்கு ஒரு முறை, மொத்தம் எவ்வளவு நேரம் என்பவை முடிவாகும் முன்பு சம்பளத் தொகையை வாயில் எடுக்காதீர்கள். தொகையை முதலில் பேசிவிட்டு வேலையைப் பிறகு சொன்னால், சொல்லும் ஒவ்வொரு வேலையும் வருபவருக்குக் கூடுதல் சுமையாகவே படும்.

உட்கார்ந்து பேசுவதைவிட வீட்டைச் சுற்றி நடந்து காட்டுவது நல்லது. கூட்டித் துடைப்பது தினமுமா, ஒன்றுவிட்டு ஒரு நாளா. குளியலறை வாரத்துக்கு எத்தனை முறை. மின்விசிறி துடைப்பதும் ஒட்டடை அடிப்பதும் மாதம் ஒரு முறை போதுமா. வாசல் தெளிப்பது அவர் வேலையா, உங்கள் வேலையா. மொட்டை மாடியும் கார் நிறுத்துமிடமும் கணக்கில் உண்டா என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று சொல்லுங்கள். அவர் செய்ய வேண்டாதவற்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பூஜை அறை விளக்குகளை நீங்களே துலக்கிக்கொள்வீர்கள் என்றால், அலுவலக மேசையில் உள்ள காகிதங்களை யாரும் தொடக்கூடாது என்றால், அது முதல் நாளில் சொன்னால் தகவல்; மூன்றாம் மாதத்தில் சொன்னால் கண்டிப்பு.

பேசி முடித்ததை ஒரு தாளில் தமிழில் எழுதிச் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கும் வீடுகளில் பிணக்கு குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்றால் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். அந்தத் தாள் அவரைவிட உங்களைத்தான் அதிகம் கட்டுப்படுத்தும்.

சம்பளம் மணிக்கணக்கா, வேலைக்கணக்கா? எவ்வளவு சொல்றதுங்க?

நம் பக்கம் வழக்கம் வேலைக்கணக்குதான்: போசி (பாத்திரம்) கழுவ இவ்வளவு, கூட்டித் துடைக்க இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். ஆனால் அந்தத் தொகை நியாயமானதா என்று சரிபார்க்க மணிக்கணக்கே உதவும். தினமும் ஒன்றரை மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 39 மணி நேரம் ஆகிறது. தமிழ்நாடு அரசு 2018-ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமாக மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை நிர்ணயித்தது. அந்தக் கணக்கில் மேலே சொன்ன வேலைக்கு 1,443 முதல் 1,521 ரூபாய் வரை வரும். அந்த ஆண்டுக்குப் பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டதால், அதைத் தரைமட்டமாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தைக் காட்டி அந்தத் தொகைக்கே பேரம் பேசுபவருக்கு ஆள் கிடைக்காது.

வருபவர் உங்கள் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது அரசு ஆணையோடு அல்ல. திருப்பூரிலும் அவிநாசியிலும் பனியன் கம்பெனி ஷிப்டு சம்பளத்தோடும், மற்ற ஊர்களில் நூற்பாலைச் சம்பளத்தோடும், பக்கத்து அடுக்ககத்தில் தருவதோடும்தான் ஒப்பிடுகிறார். வீட்டு வேலையைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கிறார். அந்த நேர வசதியை நீங்கள் காப்பாற்றிக் கொடுத்தால் சற்றுக் குறைந்த தொகைக்கும் நிலைத்து நிற்பார். அதைக் கெடுத்தால் கூடுதல் தொகை கொடுத்தும் நிற்கமாட்டார்.

சுத்தமா செய்யுங்கன்னுதான் சொன்னேன். ஆனா சோபாவுக்கு அடியில சீமாறு போறதே இல்லைங்க.

சுத்தம் என்பதற்கு இருவருக்கும் ஒரே அளவு இருக்கும் என்று நம்புவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. "சோபாவை நகர்த்திக் கூட்டுங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் போதும்" என்பது செய்யக்கூடிய ஒரு வேலை. "நல்லா செய்யுங்க" என்பது செய்து முடிக்கவே முடியாத வேலை, ஏனென்றால் அது எங்கே முடிகிறது என்று சொன்னவருக்கே தெரியாது.

ஒன்றரை மணி நேரத்தில் எல்லா மூலையும் தினமும் பார்க்க முடியாது. ஆகவே கிழமைக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: திங்கள் ஜன்னல் கம்பி, புதன் குளிர்பதனப் பெட்டியின் மேற்புறமும் அலமாரியின் மேற்புறமும், வெள்ளி சோபா, கட்டில் அடிப்பகுதி. அன்றைக்குரிய இடத்தை மட்டும் கவனியுங்கள். மற்ற இடத்தில் தூசி இருந்தால் அதன் கிழமை வரட்டும் என்று விட்டுவிட வேண்டும். இது சொல்வதைவிடச் செய்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தொடைச்ச பிறகும் தரை பிசுபிசுன்னு இருக்குதுங்க. அவங்க கை சரியில்லைங்களா?

கை அல்ல, வாளி. பினாயிலோ தரை துடைக்கும் திரவமோ அளவுக்கு மேல் ஊற்றினாலும், ஒரே வாளித் தண்ணீரில் வீடு முழுவதையும் துடைத்தாலும் தரை பிசுபிசுக்கும். ஒரு வாளிக்கு ஒரு மூடி அளவு என்று மூடியைக் காட்டிச் சொல்லுங்கள். இரண்டு அறைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மாப்பின் துணி பழசாகிக் கறுத்திருந்தால் அதை மாற்றுவது உங்கள் பொறுப்பு.

தோசைக்கல்லைக் கம்பி நாரு போட்டுப் பளபளன்னு தேய்ச்சு வெச்சுட்டாங்க! எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறது?

இது எங்கள் குடியிருப்பின் முதன்மைப் பஞ்சாயத்து. பாத்திரத்தைப் பளபளவென்று தேய்ப்பதுதான் நல்ல வேலை என்று எல்லா வீட்டிலும் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டு இரும்புக் கல்லில் எண்ணெய் ஏறிப் பழகிய கருமைதான் தோசையை ஒட்டாமல் எழுப்புகிறது என்பது அவர் வீட்டிலும் தெரிந்த செய்தியே. ஆனால் அடுத்தவர் வீட்டில் கருப்பாக எதையாவது விட்டுவைத்தால் பேச்சு வாங்க வேண்டியிருக்குமே என்று தேய்த்துவிடுகிறார்.

நோகாமல் தீர்க்கும் வழி, தேய்க்கக்கூடாதவற்றைத் தொட்டியில் போடாமல் இருப்பதுதான். இரும்புக் கல்லையும் வாணலியையும் நீங்களே துடைத்து எடுத்துவையுங்கள். நான்ஸ்டிக் பாத்திரத்துக்கும், ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கும் மென்மையான பஞ்சு ஒன்றைத் தனி நிறத்தில் வாங்கி வைத்து, இவற்றுக்கு இது மட்டும் என்று ஒரு முறை காட்டிக் கொடுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் அதையே செய்வார்.

பாத்ரூமுக்கு ஆசிட் வாங்கித் தாங்கன்னு கேக்கறாங்க. குழாயெல்லாம் உப்புப் படிஞ்சிருக்குது. வாங்கலாமுங்களா?

நம் ஊரில் சிறுவாணியோ பில்லூர்த் தண்ணீரோ குடிக்கத்தான் போதுகிறது. கழுவவும் துடைக்கவும் பெரும்பாலும் ஆழ்குழாய் உப்புத் தண்ணீர்தான். அது காய்ந்தால் குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது. ஆகையால், கறை போகவில்லை என்று வேலைக்கு வருபவரைக் குறை சொல்லும் முன்பு, அது அழுக்கா உப்பா என்று பாருங்கள். உப்பு என்றால் சோப்புத்தூள் எத்தனை முறை போட்டாலும் போகாது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் போகும். குளித்து முடித்ததும் வீட்டார் குழாயையும் சுவரையும் ஒரு துணியால் துடைத்துவிட்டால் பாதி வேலை குறைந்துவிடும்.

புளிப்புப் பொருள் எதுவும் மார்பிளிலும் கடப்பாக் கல்லிலும் படக்கூடாது. இரண்டும் சுண்ணாம்பு சேர்ந்த கற்கள். புளிப்பு பட்ட இடம் மங்கிப்போகும், பிறகு மெருகேற்றினால்தான் தெளியும். பழைய வீடுகளின் மொசைக் தரையிலும் மார்பிள் சில்லுகள் இருப்பதால் அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கடைகளில் விற்கும் ஆசிட் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டுப் பூச்சையும் அரித்துவிடும். என் கருத்தில் அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

கழிப்பறை சுத்தம் செய்யும் திரவத்தில் அமிலம் இருக்கிறது. அதையும் ப்ளீச்சிங் பவுடரையும், அல்லது அமிலத்தையும் ப்ளீச் திரவத்தையும் ஒன்றாகப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். "ரெண்டும் சேர்த்துப் போட்டா நல்லா வெளுக்கும்" என்று நம்புபவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். ஒரு நாள் ஒன்று மட்டும், கதவும் ஜன்னலும் திறந்து, கையுறை போட்டு என்பது விருப்பம் அல்ல, விதி. கையுறை வாங்கித் தருவது உங்கள் செலவு.

எட்டு மணிக்குன்னு பேசிட்டு ஒம்பதுக்கு வர்றாங்க. எனக்கு ஆபீஸ் போகோணுமுங்க.

அவர் எப்படி வருகிறார், உங்களுக்கு முன்பு எந்த வீடு என்று கேட்டீர்களா? 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். மாதம் முழுவதும் பேருந்துச் செலவை மிச்சப்படுத்துவதற்காக அந்தப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைத்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியும். இதையெல்லாம் தெரிந்துகொண்டால் எட்டு மணி என்ற பிடிவாதத்துக்குப் பதிலாக, எட்டுக்கும் எட்டே முக்காலுக்கும் இடையில் என்று பேசலாம்.

இடைவெளி பேசிய பிறகும் பிந்தினால் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. நீங்கள் ஊருக்குப் போவதையும் முதல் நாளே அவருக்குச் சொல்ல வேண்டும். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது தவறு.

லீவு எத்தனை நாள்னு பேசறதுங்க? நோம்பிக்குப் போனா வாரக்கணக்கா வர்றதே இல்லை.

வாரம் ஒரு நாள் அல்லது மாதம் நான்கு நாள் சம்பளத்தோடு விடுமுறை என்பதை முதல் நாள் தாளிலேயே எழுதிவிடுங்கள். உடம்புக்கு முடியாத நாள் இதில் சேராது.

நோம்பியை, அதாவது ஊர்த் திருவிழாவைப் பொறுத்தவரை, அது திடீரென்று வருவதில்லை. ஊர் மாரியம்மனுக்குச் சாட்டியதும் (நோம்பியை அறிவித்ததும்) நாள் தெரிந்துவிடும். கம்பம் நட்டு, பூவோடு எடுத்து, மாவிளக்கு முடிய நாள் பிடிக்கும் என்பதும் தெரியும். மாசியில் கோனியம்மன் தேர், பங்குனியில் ஈரோடு மாரியம்மனும் பண்ணாரிக் குண்டமும், ஆடிப் பதினெட்டு, தைப்பூசத்துக்குப் பழனி நடை என்று யாருக்கு எது முக்கியம் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். சாட்டிய அன்றே சொல்லிவிட வேண்டும், தெரிந்தவர் யாரையாவது மாற்றாளாகச் சொல்லிவிட முடிந்தால் நல்லது என்று கேளுங்கள். மாற்றாளுக்குக் கொடுக்கும் பணத்தை இவர் சம்பளத்தில் கழிப்பதா இல்லையா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். என் கருத்து, விடுமுறைக் கணக்குக்குள் இருந்தால் கழிக்கக்கூடாது.

குறையை எப்படிங்க சொல்றது? சொன்னா நின்னுக்குவாங்களோன்னு பயமா இருக்குது.

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்று அவரும் அதே பயத்தில்தான் இருக்கிறார். இருவரும் வாயைத் திறக்காமல் மாதக்கணக்கில் மனத்தில் வைத்துக்கொண்டிருந்து, பிறகு ஒரு நாள் ஒரு டம்ளருக்காக எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். நின்றுவிடுவது குறை சொன்னதனால் அல்ல. பெரும்பாலும் சேர்த்துவைத்துச் சொன்னதனால்.

அன்றைக்கே சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள், அந்த இடத்தில் நின்று சொல்லுங்கள். விருந்தினர் முன்னாலோ பிள்ளைகள் முன்னாலோ வேண்டாம். அவர் வீட்டுக்குப் போன பிறகு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவது எல்லாவற்றிலும் மோசம். இரவு முழுவதும் அவர் அதையே நினைத்துக்கொண்டிருப்பார், மறுநாள் வரமாட்டார். ஒரு நாளைக்கு ஒன்றுதான். "அக்கா, இந்த வாஷ்பேசின் அடியில அழுக்கு நின்னுக்குது பாருங்க, எதனாலங்க?" என்று கேள்வியாகத் தொடங்கினால் காரணம் வெளியே வரும். பிரஷ்ஷின் கைப்பிடி குட்டை, குனிய முடியவில்லை, மூட்டு வலி என்பார். நீள்கைப் பிரஷ் ஒன்று வாங்கினால் தீரும் விஷயத்தைச் சோம்பல் என்று நினைத்திருப்போம்.

அவர் போன பிறகு நீங்களே மறுபடி துடைத்து வைப்பதும் ஒரு தவறான பழக்கம். அவர் செய்தது போதும் என்றே அவர் தொடர்ந்து நினைத்துக்கொண்டிருப்பார். உங்களுக்கோ நாளுக்கு நாள் எரிச்சல் கூடும். அதோடு, குறை வேறு, உங்கள் விருப்பம் வேறு என்று பிரித்துப் பாருங்கள். குளியலறைத் தரையில் வழுக்கல் இருந்தால் அது குறை. துண்டை மூன்றாக மடிப்பதா நான்காக மடிப்பதா என்பது விருப்பம். விருப்பங்களில் உங்களுக்கு உண்மையிலேயே முக்கியமான இரண்டு மூன்றைச் சொல்லுங்கள், மற்றவற்றை அவர் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுங்கள். சரியாகச் செய்த நாளில் "இன்னிக்கு நல்லா இருக்குதுங்கக்கா" என்று சொல்வதற்கும் வாய் வர வேண்டும்.

நான் ஒண்ணு சொல்றேன், எங்க அத்தை ஒண்ணு சொல்றாங்க. அவங்க யாரு சொல்றதைக் கேப்பாங்க?

யார் சத்தமாகச் சொல்கிறார்களோ அவர் சொல்வதைக் கேட்பார். இரண்டு பேரிடமும் பேச்சு வாங்குவார். வேலை சொல்வது ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பகலில் வீட்டில் இருப்பவர் அத்தை என்றால் அவரே சொல்லட்டும், உங்கள் விருப்பத்தை நீங்கள் அத்தையிடம் சொல்லுங்கள். கதவில் ஒட்டிய தாளை இருவரும் சேர்ந்து எழுதியிருந்தால் பாதிப் பிரச்சினை எழாது.

பெரியவர்கள் "வா, போ" என்று ஒருமையில் கூப்பிடுவது பற்றியும் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் சின்னப் பிள்ளையிடமும் "வாங்க கண்ணு" என்று பேசுகிறோம்; வேலைக்கு வரும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு மட்டும் அந்த "ங்க" ஏன் இல்லாமல் போகிறது என்று பெரியவர்களிடம் நிதானமாகக் கேட்கலாம்.

விருந்தாளி வந்தா போசி ரெண்டு மடங்காகுது. அதுக்குத் தனியா குடுக்கோணுமுங்களா?

வேண்டும். முதல் நாள் பேசியது உங்கள் குடும்பத்துக்கான வேலை. ஒரு வேளை இரண்டு பேர் சாப்பிட்டுப் போவது எல்லா வீட்டிலும் நடப்பது, அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். காது குத்து, சீர், பொங்கலுக்கு முன்பு வீடு முழுவதும் ஒட்டடை அடித்துக் கழுவுவது போன்றவற்றுக்கு மேலே சொன்ன மணிக்கணக்குப்படி முன்கூட்டியே ஒரு தொகை பேசுங்கள். "பார்த்துச் செய்யறேன்" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். அதைக் கேட்டவர் ஒரு தொகையை நினைத்திருப்பார், சொன்னவர் வேறொன்றை நினைத்திருப்பார்.

மிஞ்சிய பலகாரத்தைக் கொடுப்பது அன்பு. அது கூலி ஆகாது. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற வழக்கம் ஆலைகளில் இருந்து நம் வீடுகளுக்கு வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்: 2025 வரை நடைமுறையில் இருந்த 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது ஆண்டில் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் வீட்டு வேலைக்குப் பொருந்தவில்லை என்றாலும், ஊர் முழுவதும் போனஸ் வாங்கும் மாதத்தில் அவர் மட்டும் வெறுங்கையோடு போவது அழகல்ல.

ஏதாச்சும் ஒடைஞ்சா சம்பளத்துல பிடிச்சுக்கலாமுங்களா?

கூடாது. தினமும் கையாள்பவர் கையில்தான் உடையும்; உங்கள் கையிலும் உடைந்திருக்கும். பிடித்தம் செய்யத் தொடங்கினால் அடுத்த முறை உடைந்ததை மறைத்துவைப்பார். விலை உயர்ந்த பீங்கானையும் பாட்டி காலத்துப் பொருளையும் நீங்களே கழுவிக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த மூணாவது மாசமே முன்பணம் கேக்கறாங்க. குடுக்கறதா வேண்டாமா?

பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு என்று கேட்டால், உங்களால் இயன்ற அளவில், ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாமல் கொடுக்கலாம். மாதம் எவ்வளவு கழிப்பது என்று தாளில் இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். "கடன் தீரும்வரை வேறெங்கும் போகக்கூடாது" என்ற நிபந்தனையை மட்டும் எந்த வடிவிலும் போடாதீர்கள். முன்பணத்துக்காக ஒருவரை வேலையில் கட்டிவைப்பது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம்.

அடிக்கடி கேட்கிறார் என்றால் சம்பள நாளை மாற்றிப் பாருங்கள். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைச் சம்பளம் வாங்கிப் பழகிய குடும்பங்களுக்கு வாரக்கணக்கில்தான் செலவு ஓடுகிறது. மாதச் சம்பளத்தை நான்காகப் பிரித்துச் சனிக்கிழமைதோறும் கொடுத்த வீடுகளில் முன்பணக் கேள்வியே பெரிதும் குறைந்திருக்கிறது.

காபி குடுக்கத் தனி டம்ளர் வெக்கோணும்னு வீட்டுல பெரியவங்க சொல்றாங்க. என்ன பண்றதுங்க?

வைக்காதீர்கள். இதில் இரண்டு பக்கமும் பேச ஒன்றும் இல்லை. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை எதுவோ அதுதான் வீட்டில் தனி டம்ளரும். தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு ஒழித்து, அதைக் கடைப்பிடிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. அந்த டம்ளர் உட்பட எல்லாப் பாத்திரத்தையும் கழுவி அடுக்குபவரே அவர்தான் என்பதைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொன்னபோது சிலர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டதும் உண்டு.

கழிப்பறையைப் பயன்படுத்துவதும் இப்படியே. மூன்று மணி நேரம் வேலை செய்பவர் பொடக்காலிக்குத்தான் (வீட்டுப் பின்புறத்துக்குத்தான்) போக வேண்டும் என்பதோ, வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதோ கொடுமை. எதைப் பயன்படுத்தலாம் என்று முதல் நாளே நீங்களாகக் காட்டிவிடுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.

பொண்ணுக்கு லீவுன்னா அவளை அனுப்பி வெக்கறாங்க. வேலை வாங்கலாமுங்களா?

பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் வேலை வாங்குவது சட்டப்படி குற்றம். வீட்டு வேலைக்கு அந்தத் தடை 2006 அக்டோபரில் இருந்தே இருக்கிறது. வயது கூடுதலாக இருந்தாலும் பள்ளிப் பிள்ளை என்றால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுங்கள், அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல்.

மோதிரத்தைக் காணோமுங்க. கேக்கவும் முடியலை, கேக்காம இருக்கவும் முடியலை.

முதலில் தேடுங்கள்; குளியலறை, மாவு பிசைந்த இடம், பழைய கைப்பை, துவைத்த சட்டைப்பை என்று எல்லா இடத்திலும். பிறகு எல்லாரிடமும் கேட்பது போலவே அவரிடமும், "மோதிரம் ஒண்ணைக் காணோமுங்க, கண்ணுல பட்டுச்சுங்களா?" என்று கேளுங்கள். இது விசாரிப்பு. "நீங்கள் எடுத்தீர்களா" என்பது குற்றச்சாட்டு. அதைச் சொன்ன பிறகு மோதிரம் அலமாரிக்குள் கிடைத்தாலும் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற முடியாது. அவர் பையையோ உடம்பையோ சோதிக்க உங்களுக்கு உரிமை இல்லை. உறுதியான காரணம் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். வெறும் சந்தேகத்தைக் குடியிருப்புக் குழுவில் எழுதினால் அவர் போகும் மற்ற வீடுகளின் வேலையும் போய்விடும்.

கேமரா வைத்திருந்தால் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே காட்டிவிடுங்கள். குளியலறையிலும் உடை மாற்றும் இடத்திலும் ஒருக்காலும் வைக்கக்கூடாது.

நானு அஞ்சு வீட்டுல வேலை செய்யறனுங்க. மொதல்ல பேசினது ஒண்ணு, இப்பச் செய்யறது ஒண்ணு. நான் எப்படிக் கேக்கறதுங்க?

இந்தக் கேள்வி எனக்கு வர வெகு நாள் ஆயிற்று. வேலை கொடுப்பவர்கள் கேட்டுக் கேட்டு, இவர்களும் கேட்கலாம் என்று தெரிந்த பிறகுதான் வந்தது.

முதலில் பேசியது என்ன, பிறகு சேர்ந்தது என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டுங்கள். "வேலை அதிகமாயிருச்சு" என்று பொதுவாகச் சொன்னால் பேச்சு நீளும். "பேசும்போது துணி இல்லை, கைக்குழந்தை வந்த பிறகு துணி சேர்ந்தது, தினமும் அரை மணி நேரம் கூடியிருக்கிறது" என்றால் மறுக்க முடியாது. கூடுதல் பணம் வேண்டுமா, அந்த வேலையை விட்டுவிடுவதா என்று இரண்டில் ஒன்றை அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மாதக் கடைசியில், வேலை முடித்துக் கிளம்பும் நேரத்தில் கேளுங்கள். காலை அவசரத்தில் கேட்டால் நல்ல பதில் வராது.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் தனி நலவாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம்; பிள்ளைகளின் படிப்பு, மகப்பேறு, விபத்து, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் விசாரிக்கலாம். வேலை கொடுப்பவரே உடன் சென்றோ விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தோ உதவுவது ஒரு நாள் வேலைதான்.

வீட்டில் உள்ள ஆண்கள் யாராவது தவறாக நடந்தால், அதற்கும் சட்டம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலைக்கும் பொருந்தும். மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.

எத்தனை சொல்லியும் ஒத்துவரலைங்க. நிறுத்திக்கலாம்னு இருக்கறேன். எப்படிச் சொல்றது?

உண்மையிலேயே சொன்னீர்களா என்று மேலே உள்ள குறை சொல்லும் பதிலை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லி, சாமான் வாங்கிக் கொடுத்து, நேரமும் கொடுத்த பிறகும் சரிவரவில்லை என்றால் நேரில் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டார் மூலமாகவோ காவலாளி மூலமாகவோ சொல்லி அனுப்ப வேண்டாம். அடுத்த வீடு தேட ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள்; உடனே நிறுத்துவதென்றால் அந்த ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுங்கள். அவரே நிற்பதானால் பதினைந்து நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை முதல் நாள் தாளில் எழுதியிருந்தால் கேட்கலாம். எழுதாவிட்டால் கேட்டுப் பயனில்லை.

முன்பணம் பாக்கி இருந்தால் எவ்வளவு, எப்படித் திருப்புவது என்று பேசி முடித்துவிடுங்கள். அதற்காகச் செய்த வேலைக்கான சம்பளத்தை நிறுத்திவைக்கக்கூடாது. அடுத்து அவரைச் சேர்ப்பவர் உங்களிடம் விசாரித்தால், எது ஒத்துவரவில்லையோ அதை மட்டும் சொல்லுங்கள். "காலை ஏழுக்கு வர முடியவில்லை, எங்களுக்கு அது தேவைப்பட்டது" என்றால், பதினோரு மணிக்கு ஆள் தேடும் வீட்டுக்கு அவர் மிகவும் பொருத்தமானவராக இருப்பார்.